தரகர், விசா, மணப்பெண்: எல்லை தாண்டும் திருமணங்களில் சட்டம் எங்கே நிற்கிறது?

2000களின் நடுப்பகுதியில் தென் கொரியாவின் கிராமப்புறச் சாலைகளில் ஒருவகை பேனர் சர்வசாதாரணமாகத் தொங்கியது. ‘வியட்நாம் பெண்ணை மணந்துகொள்ளுங்கள்’ என்று பெரிய எழுத்து, கீழே ஒரு தொலைபேசி எண். சிலவற்றில் கூடவே இன்னொரு வரியும் இருந்தது: ‘ஓடிப்போக மாட்டார்கள்.’ தைவானில் வந்த சில விளம்பரங்கள் இதற்கும் ஒரு படி மேலே போய், பெண் ஓடிப்போனால் வேறொருத்தியைத் தருவதாக உறுதி கொடுத்தன. வீட்டுச் சாமானுக்குக் கொடுக்கும் வாரண்டியேதான்.

இந்த வரிகள் யாரைப் பார்த்துப் பேசுகின்றன என்று கவனித்தால் போதும், இந்தத் தொழிலின் கணக்கு புரிந்துவிடும். பணம் கட்டுவது ஆண். அவர்தான் வாடிக்கையாளர். பெண்ணின் வயது, உயரம், எடை, படம், குடும்ப நிலவரம் எல்லாம் அவர் கைக்குப் போய்ச் சேரும். அவரைப் பற்றிய விவரம் பெண்ணுக்கு வருமா என்பது தரகரின் மனசைப் பொறுத்த விஷயம். அந்த மனசுக்குக் கூலி கொடுப்பவரும் அதே ஆண்தான். கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பல நாடுகள் கொண்டுவந்த சட்டங்கள் எல்லாம் இந்தக் கோணலை நிமிர்த்தப் பார்த்தவைதான். சில நாடுகள் தரகையே தடை செய்தன, சில உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்தின, அமெரிக்கா தகவல் போகும் திசையை மாற்றியது.

கிழக்கு ஆசியாவில் தொழில் பெரும்பாலும் சுற்றுலா வடிவில் நடந்தது. மாப்பிள்ளை மொத்தமாக ஒரு தொகையைக் கட்டிவிட்டு விமானம் ஏறுவார். அங்கே ஓர் ஓட்டலிலோ வீட்டிலோ பெண்களை வரிசையாக உட்கார வைத்துக் காட்டுவார்கள். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் மருத்துவப் பரிசோதனை, பெண் வீட்டாருடன் ஒரு சந்திப்பு, கல்யாணம், புகைப்படம் எல்லாம் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். மாப்பிள்ளை ஊர் திரும்புவார், பெண் விசாவுக்குக் காத்திருப்பார். கிராமத்திலிருந்து பெண்ணைக் கூட்டிவர ஒரு தரகர், அவருக்கு மேல் நகரத்துத் தரகர், அவருக்கும் மேல் வெளிநாட்டு நிறுவனம் என்று அடுக்கடுக்காக ஆட்கள். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவரும் தரகரின் ஆள் என்றால், மாப்பிள்ளையைப் பற்றிப் பெண் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி வளர்ந்தது. முதலில் அச்சிட்ட கேட்டலாக், பிறகு இணையதளம். ஆண்கள் காசு கொடுத்துப் பெண்களின் முகவரிகளை வாங்கினார்கள். அமெரிக்கக் குடியேற்றத் துறை 1999இல் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கை, இப்படிப்பட்ட நிறுவனங்கள் 200க்கும் மேல் இருப்பதாகவும், அவை மூலம் ஆண்டுக்கு 4,000 முதல் 6,000 திருமணங்கள் நடப்பதாகவும் மதிப்பிட்டது. ‘மெயில் ஆர்டர் மணமகள்’ என்ற பெயர் அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரே ஓர் அவமானம். ஆனால் ‘மெயில் ஆர்டர்’ என்ற சொல் பிலிப்பைன்ஸ் சட்டத்தின் தலைப்பு வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டதால் முழுக்கத் தவிர்க்க முடிவதில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தரகர் மூலம் வெளிநாட்டுக்காரரை மணந்த எல்லாப் பெண்களும் ஏமாந்தவர்கள் இல்லை. விசாரித்து, யோசித்து, இதுதான் எனக்கு நல்லது என்று முடிவெடுத்துப் போனவர்கள் ஏராளம். நல்ல குடும்பங்களும் ஏராளம். ஏதாவது தவறாகப் போகும்போது அந்தப் பெண்ணுக்கு என்ன தெரிந்திருந்தது, வெளியேற என்ன வழி இருந்தது என்பதுதான் சட்டத்துக்கு முன்னால் இருக்கும் கேள்வி.

இரண்டு கொலை வழக்குகளும் ஒரு சட்டமும்

1995இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர நீதிமன்றக் கட்டடத்துக்குள் ஒருவர் துப்பாக்கியால் சுட்டு மூன்று பெண்களைக் கொன்றார். அதில் ஒருவர் அவருடைய மனைவி. தரகு நிறுவனம் மூலம் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர், அப்போது கர்ப்பிணி. மற்ற இருவரும் அவருக்குத் துணையாக வந்த தோழிகள். திருமணத்தை முறிக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது.

2000இல் அதே வாஷிங்டன் மாநிலத்தில் கிர்கிஸ்தானைச் சேர்ந்த 20 வயதுப் பெண் ஒருவர் கணவரால் கொல்லப்பட்டார். இந்த வழக்கில்தான் எல்லோரையும் உலுக்கிய ஒரு விஷயம் வெளியே வந்தது. அந்தக் கணவருக்கு அதற்கு முன்பும் இதே வழியில் வந்த ஒரு வெளிநாட்டு மனைவி இருந்திருக்கிறார். அவர் கணவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கியிருக்கிறார். அதாவது, இரண்டாவதாக வந்த பெண் தெரிந்துகொண்டிருக்க வேண்டிய தகவல் ஏற்கெனவே அரசாங்கத்தின் கோப்பில் இருந்தது. அதை அவர் கையில் கொடுக்கும் கடமை மட்டும் யாருக்கும் இல்லை.

வாஷிங்டன் மாநிலம் 2002இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த மாநிலத்தின் செனட்டர் மரியா கான்ட்வெல் அதை நாடு முழுவதற்கும் கொண்டுபோனார். சர்வதேசத் திருமணத் தரகர் ஒழுங்குமுறைச் சட்டம் என்று பெயர். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த சட்டத்தைப் புதுப்பிக்கும் மசோதாவோடு சேர்ந்து, 2006 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார்.

சட்டம் தரகை ஒழிக்கவில்லை. தகவல் ஓடும் திசையைத் திருப்பியது, அவ்வளவுதான். ஆனால் அதைக் கறாராகச் செய்தது. பெண்ணின் தொலைபேசி எண்ணையோ முகவரியையோ வாடிக்கையாளருக்குக் கொடுப்பதற்கு முன்பே தரகர் பாலியல் குற்றவாளிகளின் பதிவேட்டில் அந்த ஆணின் பெயரைத் தேட வேண்டும். பாதுகாப்பு ஆணைகள், வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள், போதை தொடர்பான கைதுகள், முந்தைய திருமணங்கள் எப்போது எப்படி முடிந்தன, இதற்கு முன் வேறு வெளிநாட்டுப் பெண்ணுக்கு விசா கோரியது உண்டா, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயது, தன் 18 வயது முதல் எந்தெந்த மாநிலங்களிலும் நாடுகளிலும் வசித்தார் என்பதையெல்லாம் அவரிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். அதைப் பெண்ணின் தாய்மொழியில் அவரிடம் கொடுக்க வேண்டும். படித்துப் பார்த்து, ‘சரி, இவருக்கு என் விவரத்தைக் கொடுக்கலாம்’ என்று அவர் கையெழுத்திட்ட பிறகுதான் அடுத்த அடி. 18 வயது ஆகாதவர்களின் விவரத்தை யாருக்கும் தரக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 முதல் 25,000 டாலர் வரை அபராதம், சிறையும் உண்டு.

வசித்த இடங்களின் பட்டியல் எதற்கு என்று தோன்றலாம். அமெரிக்காவில் குற்றப் பதிவுகள் மாநிலவாரியாகச் சிதறிக் கிடக்கின்றன. எங்கே தேடுவது என்று தெரிந்தால்தான் தேட முடியும். சட்டத்தை எழுதியவர்களுக்குத் தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்திருக்கிறது.

நிச்சயமான பெண்ணை அழைத்துவரும் கே-1 விசாவிலும் கை வைத்தார்கள். ஏற்கெனவே இரண்டு முறை விண்ணப்பித்தவரோ, கடைசியாக ஒப்புதல் வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகாதவரோ மறுபடி விண்ணப்பித்தால் தனியாக விலக்கு வாங்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் பெண்களை வரவழைக்கும் ஆட்களுக்காக வைத்த வேலி இது.

தரகு நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. ஜார்ஜியாவில் ஒரு நிறுவனம் உடனே நீதிமன்றம் போனது. இது பேச்சுரிமையைப் பறிக்கிறது, பெரிய டேட்டிங் தளங்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் பிடிக்கிறது என்று வாதாடியது. தொடக்கத்தில் தற்காலிகத் தடைகூடக் கிடைத்தது. 2007இல் நீதிபதி அந்த வாதங்களை ஏற்கவில்லை. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பது எப்படி உயிர்களைக் காப்பாற்றுகிறதோ, அதே மாதிரி இதுவும் வன்முறையைக் குறைக்கும் என்று நாடாளுமன்றம் நினைத்ததில் நியாயம் இருக்கிறது என்ற போக்கில் தீர்ப்பு அமைந்தது.

அந்த நிறுவனத்தின் இரண்டாவது புகாரில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. லாப நோக்கில்லாத பண்பாட்டு, சமய அமைப்புகள் செய்யும் பாரம்பரியப் பொருத்தம் பார்ப்புக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. எல்லா நாட்டவரிடமும், ஆண் பெண் இருவரிடமும் ஒரே மாதிரி கட்டணம் வாங்கும், முக்கியத் தொழில் சர்வதேசப் பொருத்தம் இல்லாத தளங்களுக்கும் பொருந்தாது. சாதாரண டேட்டிங் தளத்தைக் காப்பாற்ற வைத்த விலக்குதான். ஆனால் தரகுத் தொழிலே அந்தத் தளங்களின் சாயலுக்கு மாறிக்கொண்டு போகும்போது, விலக்கு எங்கே முடிகிறது, தரகு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம். இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரியது. தரகர் தாமாகத் தேட வேண்டியது பாலியல் குற்றப் பதிவேட்டில் மட்டும். மற்றதெல்லாம் அந்த ஆண் தானே எழுதிக் கொடுப்பது. பொய் எழுதுபவரைப் பிடிக்கத் தரகரிடம் எந்த வசதியும் இல்லை. அமல்படுத்துவதிலும் சுணக்கம் இருந்தது. அரசின் தணிக்கை அலுவலகம் 2008இல் கொடுத்த அறிக்கை, துறைகள் சட்டத்தின் சில பகுதிகளை மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கின்றன என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டது.

தரகர் பெண்ணுக்கும் பொறுப்பானவர் என்பதை இந்தச் சட்டத்துக்கு முன்பே ஒரு வழக்கு நிறுவியது. உக்ரைனிலிருந்து வந்த ஒரு பெண்ணைக் கணவர் அடித்தார். தன் கணவரைத் தேடிக் கொடுத்த அதே நிறுவனத்திடம்தான் அவர் போய் நின்றார். அடிவாங்கும் மனைவி கணவரின் தயவில்லாமலே நாட்டில் தங்க வழி இருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. தரகர்கள் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. வருடக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த சட்டம். 2004இல் மேரிலாந்தில் நடுவர் குழு அந்த நிறுவனத்துக்கு எதிராக மொத்தம் 4,33,500 டாலர் இழப்பீடு விதித்தது. 2006இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது.

எட்டாவது நாள்

கொரியக் கதைக்கு வருவோம். 2005 வாக்கில் அங்கே நடந்த திருமணங்களில் 13 சதவீதத்துக்கும் மேல் வெளிநாட்டவரோடு நடந்தவை. இளம்பெண்கள் நகரங்களுக்குப் போய்விட, விவசாயக் கிராமங்களில் திருமணமாகாத ஆண்கள் மிஞ்சினார்கள். வெளிநாட்டுப் பெண்ணை மணக்கும் விவசாயிக்கு மானியம் கொடுத்த உள்ளாட்சிகளும் உண்டு. தரகர்களுக்குப் பொற்காலம்.

2008 ஜூனில் திருமணத் தரகுத் தொழிலுக்கான தனிச் சட்டம் அமலுக்கு வந்தது. பதிவு செய்துகொள்ள வேண்டும், பொய் விளம்பரம் கூடாது என்றது. பேனர் தொங்கவிட்ட தொழிலுக்கு அது மெல்லிய கடிவாளம்.

2010 ஜூலையில் வியட்நாமிலிருந்து வந்த 20 வயதுப் பெண் ஒருவர் பூசான் நகரில் கணவரால் கொல்லப்பட்டார். கொரியாவில் கால் வைத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. கணவருக்கு வயது 47. மனநோய்க்காகப் பல ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வந்தவர். பெண்ணுக்கு அது தெரியாது. வியட்நாமில் கொந்தளிப்பு, கொரியாவில் வெட்கம். அந்த ஆண்டு நவம்பரிலேயே திருத்தப்பட்ட விதி அமலுக்கு வந்தது. இரு தரப்பின் திருமண வரலாறு, உடல்நலம், மனநலம், வேலை, குற்றப் பின்னணி ஆகியவற்றைச் சான்றிதழ்களோடு, அவரவர் மொழியில் மற்றவருக்குத் தரகர் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் ஆண் எழுதிக் கொடுப்பதை நம்புகிறார்கள். கொரியா காகிதத்தைக் கேட்டது. இந்த ஒரு விஷயத்தில் கொரியச் சட்டம்தான் கெட்டி என்பது என் எண்ணம்.

2012இல் இன்னும் இறுக்கினார்கள். சர்வதேசத் தரகராகப் பதிவு செய்ய 10 கோடி வோன் மூலதனம் காட்ட வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரை அறிமுகம் செய்யக் கூடாது. ஒருவருக்கு ஒரே நேரத்தில் பல பெண்களைக் காட்டவும் கூடாது. ஓட்டலில் வரிசையாக உட்கார வைக்கும் அந்தக் காட்சியைப் பெயர் சொல்லித் தடை செய்தது இந்தக் கடைசி விதி. 2014இல் விசா பக்கத்திலிருந்தும் கட்டுப்பாடு வந்தது. அழைக்கும் கணவருக்குக் குறைந்தபட்ச வருமானம் வேண்டும், தம்பதிக்குள் பேசிக்கொள்ள ஏதாவது ஒரு மொழி இருக்க வேண்டும். ஒரு கல்யாணத்துக்கு இதை அரசாங்கம் எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதே அதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று காட்டுகிறது.

தடை போட்டவர்கள்

பிலிப்பைன்ஸ்தான் முன்னோடி. 1990இலேயே, பிலிப்பினோ பெண்களை வெளிநாட்டவருக்குத் தபால் வழியில் பொருத்தி வைக்கும் தொழிலைக் குற்றமாக்கியது. சட்டம் கேட்டலாக் காலத்து மொழியில் எழுதப்பட்டது. சில வருடங்களில் இணையம் வந்து சட்டத்தைப் பழசாக்கிவிட்டது. புதிய சட்டம் வர 2016 ஆயிற்று. அது இணையத்தையும் சேர்த்தது, ஆண்களையும் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது, தண்டனையை 15 ஆண்டுச் சிறையாகவும் 5 லட்சம் முதல் 10 லட்சம் பெசோ அபராதமாகவும் உயர்த்தியது. கும்பலாகச் செய்தால் 20 ஆண்டு.

ஆனால் தரகரின் அலுவலகமும் சர்வரும் வேறு நாட்டில் இருந்தால் இந்தச் சட்டத்தின் கை அவ்வளவு தூரம் நீளாது. பிலிப்பைன்ஸ் செய்ததிலேயே உருப்படியானது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிநாட்டவரை மணந்து அல்லது நிச்சயம் செய்துகொண்டு குடிபெயரும் எவரும், வெளிநாடு வாழ் பிலிப்பினோ ஆணையம் நடத்தும் ஆலோசனை அமர்வில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கினால்தான் நாட்டை விட்டுக் கிளம்ப முடியும். போகும் நாட்டில் உரிமைகள் என்ன, அடி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தன் மொழியில், தரகர் பக்கத்தில் இல்லாமல் கேட்டுக்கொள்ளும் ஒரு சந்தர்ப்பம். தரகரைப் பிடிக்க முடியாவிட்டாலும் விமான நிலையம் நாட்டுக்குள்தானே இருக்கிறது.

தைவான் தடையை வேறு விதமாகப் போட்டது. 2003இல் அங்கே நடந்த திருமணங்களில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவை வெளிநாட்டவரோடோ சீனப் பெருநிலத்தவரோடோ நடந்தவை. 2007இல் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லை தாண்டிய பொருத்தம் இனி வியாபாரமாக நடக்கக் கூடாது, கட்டணம் கேட்கவோ ஒப்புக்கொள்ளவோ கூடாது, விளம்பரமும் கூடாது. அனுமதி பெற்ற லாப நோக்கில்லாத அமைப்புகள் மட்டும் செய்யலாம். பேனர்கள் மறைந்தன. வியட்நாமும் 2002இலேயே லாபத்துக்காகச் செய்யும் பொருத்தத்தைத் தடை செய்திருந்தது. ஆனாலும் பூசானில் இறந்த பெண் தரகர் வழியாகத்தான் அங்கே போனார். ஒரு முனையில் தடை, மறு முனையில் பதிவு பெற்ற நிறுவனம் என்றால் தொழில் தடை உள்ள முனையில் மறைவாக நடக்கும். மறைவில் நடப்பதை எந்த வெளிப்படைத்தன்மை விதியும் தொடாது.

கம்போடியா இன்னொரு எல்லைக்குப் போனது. 25 பெண்களைக் கொரிய ஆண்களுக்குக் காட்டிய தரகர் ஒருவர் ஆட்கடத்தல் வழக்கில் தண்டிக்கப்பட்டதும், 2010இல் கொரியர்களுடனான திருமணங்களையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. 2011இல் ஒரு விதி போட்டது. 50 வயதைத் தாண்டிய, அல்லது மாதம் சுமார் 2,500 டாலருக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் வெளிநாட்டு ஆண், கம்போடியாவில் அந்த நாட்டுப் பெண்ணை மணக்க முடியாது என்றது. கம்போடிய ஆணை மணக்க வரும் வெளிநாட்டுப் பெண்ணுக்கு இந்த அளவுகோல் கிடையாது. அதாவது வயது வந்த பெண்ணுக்குத் தன் முடிவைத் தானே எடுக்கத் தெரியாது என்று அரசே சொல்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் வரும் இந்த வகைச் சட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது.

சாவி யார் கையில்

தரகரின் வேலை திருமணத்தோடு முடிகிறது. பெண்ணின் சிக்கல் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது, அங்கே சாவி விசாவில் இருக்கிறது.

அமெரிக்கா 1986இல் போலித் திருமணங்களைத் தடுக்க ஒரு விதி கொண்டுவந்தது. திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு முதலில் நிபந்தனையோடுதான் கிரீன் கார்டு கிடைக்கும். இரண்டு ஆண்டு கழித்து, நிபந்தனையை நீக்கக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிகிறது. வீட்டுக்குள் இதன் அர்த்தம், ‘நான் கையெழுத்துப் போடாவிட்டால் நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்’ என்று ஒருவர் மற்றவரை மிரட்டலாம் என்பது. 1990இல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். 1994இல், கணவருக்குத் தெரியாமலே மனைவி தானாக விண்ணப்பிக்கும் வழியும் வந்தது. மேரிலாந்து வழக்கில் தரகர் சொல்லாமல் விட்டது 1990இல் வந்த அந்த விலக்கைத்தான்.

கனடா இதே தவறைப் பின்னால் வந்து செய்தது. 2012இல் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையைக் கொண்டுவந்து, 2017இல் அதை எடுத்தும்விட்டது. அடிக்கிற வீட்டைவிட்டு வெளியேற முடியாமல் அது பெண்களைக் கட்டிப்போடும் என்ற எதிர்ப்பு முக்கியக் காரணம். ஆஸ்திரேலியா துணையை அழைப்பவர் பக்கம் திரும்பியது. பொதுவாக ஒருவர் வாழ்நாளில் இரண்டு பேரைத்தான் துணையாக அழைக்க முடியும், நடுவில் ஐந்து ஆண்டு இடைவெளி வேண்டும்.

கொரியாவில் விவாகரத்தான வெளிநாட்டு மனைவி தொடர்ந்து தங்க வேண்டுமானால், திருமணம் முறிந்தது தன் தவறால் அல்ல என்று காட்ட வேண்டும். அதிகாரிகள் இதை, தவறு நூறு சதவீதமும் கணவருடையதாக இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு இறுக்கிப் படித்து வந்தார்கள். எந்தக் குடும்பச் சண்டையில் அப்படி ஒரு கணக்கு வரும்? 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம், முக்கியத் தவறு கணவருடையது என்றால் போதும் என்று ஒரு வியட்நாம் பெண்ணின் வழக்கில் தீர்ப்பளித்தது. அதே மாதம், குழந்தை அருகில் இருக்கும்போதே ஒருவர் தன் வியட்நாம் மனைவியை அடிக்கும் வீடியோ நாடு முழுவதும் பரவியது. அடுத்த ஆண்டு அக்டோபர் முதல், குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்றவர் 10 ஆண்டுகளுக்கு வெளிநாட்டுத் துணையை அழைக்க முடியாது என்ற விதி வந்தது.

சர்வதேசச் சட்டம் இதில் எங்கே என்று கேட்டால், ஓரமாகத்தான். பணத்துக்கோ பொருளுக்கோ பெண்ணை, மறுக்கும் உரிமை இல்லாமல், மணம் செய்து கொடுப்பதை 1956ஆம் ஆண்டின் ஐநா உடன்படிக்கை அடிமைத்தனத்துக்கு நிகரான வழக்கமாகக் கருதுகிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாடு குறித்த ஐநா குழு 1992இல், வளரும் நாட்டுப் பெண்களுக்கும் வெளிநாட்டவருக்கும் ஏற்பாடு செய்யப்படும் திருமணங்களைப் பாலியல் சுரண்டலின் புதிய வடிவங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2000ஆம் ஆண்டின் ஆட்கடத்தல் எதிர்ப்பு நெறிமுறையோ சுரண்டலை வரையறுக்கும்போது திருமணத்தைக் குறிப்பிடவில்லை. தரகர்களைக் கட்டுப்படுத்த என்றே ஒரு சர்வதேச உடன்படிக்கை கிடையாது. அதனால் எல்லாம் அந்தந்த நாட்டின் தூதரகத்திலும் குடிவரவு அலுவலகத்திலும் வந்து நிற்கிறது.

அமெரிக்கத் தூதரகத்தில் கே-1 விசா நேர்காணலுக்குப் போகும் பெண்ணிடம், அடிவாங்கும் குடியேறிகளின் உரிமைகளை விளக்கும் கையேடு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதை ரஷ்ய மொழி, டகலாக், வியட்நாமிய மொழி, தாய், இந்தி உட்படப் பல மொழிகளில் பெயர்க்க வேண்டும் என்று சட்டமே பட்டியல் போடுகிறது. மாப்பிள்ளையின் குற்றப் பின்னணியில் அரசுக்குத் தெரிந்ததையும் அங்கே சொல்ல வேண்டும். பிறகு அதிகாரி கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் இருவரையும் அறிமுகம் செய்தது ஏதாவது தரகு நிறுவனமா? ஆம் என்றால், அந்த நிறுவனம் சட்டப்படி கொடுக்க வேண்டிய விவரங்களைக் கொடுத்ததா என்று அடுத்த கேள்வி வரும். முதல் கேள்விக்கே அவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் தரகரைப் பற்றிய விசாரணை அந்த ஜன்னலோடு முடிந்தது.